நடு ஆற்றில் உறைந்த கப்பலும் மார்ஃபாவும்

லேனா ஆறு எங்களுக்கு வருஷத்தில் பாதிக்கு மேல் சாலை, மீதி நாள்தான் ஆறு. உறைந்து கெட்டிப்பட்டால் அதன்மேல் லாரி ஓடும். உருகினால் கப்பல் ஓடும். மார்ஃபா கப்பலில் சமையல்காரி. அவள் புருஷன் புரோகோபி பனிச்சாலையில் லாரி ஓட்டுபவன். இவ்வளவு சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்கள் சிரித்துவிடுவார்கள், மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டுக்கு வரும்போது அவன் கிளம்புவான். அவன் வரும்போது அவள் கிளம்புவாள்.

இடையில் இரண்டு பொழுது உண்டு. வசந்தத்தில் பனிக்கட்டி வெடித்து ஓடும் வாரங்கள். இலையுதிர் காலத்தில் ஆற்றின்மேல் கூழ் கூழாகப் பனி மிதந்து, மெல்ல மூடும் வாரங்கள். அப்போது படகும் போகாது, வண்டியும் போகாது. கடையில் முட்டை காணாமல் போகும். தக்காளி விலையைக் கேட்டுவிட்டு ஆட்கள் கடைக்காரியோடு சண்டைக்கு நிற்பார்கள். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். ஊரே ஆற்றைத் திட்டும் அந்த வாரங்களில்தான் மார்ஃபாவும் புரோகோபியும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். மதியம்வரை அவர்கள் வீட்டுக் கதவு திறக்காது. "சீக்கிரம் ஆறு மூடணும்னு நாங்க எல்லாரும் வேண்டிக்கிறோம், நீங்க ரெண்டு பேரும் மூடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டா அது பாவம் யார் பேச்சைக் கேக்கும்?" என்று நானே வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தியிருக்கிறேன்.

நான் லுக்கேரியா, பழகியவர்களுக்கு லுஷா. அவர்களுக்கு அடுத்த வீடு. துறைமுகத்தில் ரேடியோ அறையில் வேலை. ஆபீஸ் சொல்வதைக் கப்பல்களுக்குச் சொல்ல வேண்டும். கப்பல்காரர்கள் ஆபீசைத் திட்டுவதை மரியாதையான வார்த்தைகளாக மாற்றி ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அதனால் கப்பல் உறைந்துபோன அந்தக் குளிர்காலத்தில் நடந்ததில் பாதியை என் காதாலேயே கேட்டேன். மீதி மார்ஃபா சொன்னது.

மார்ஃபா குதிரை வளர்க்கும் ஊரில் பிறந்தவள். அந்த ஊருக்குக் கோடையில் ஒரே ஒரு தடவை கப்பல் வரும். மாவு, சர்க்கரை, டீத்தூள், ரப்பர் பூட்ஸ் எல்லாம் அதில்தான். மற்ற பிள்ளைகள் மிட்டாய்ப் பெட்டி எங்கே என்று ஓடும்போது இவள் கப்பலின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே போய் நிற்பாளாம். உள்ளே தடித்த பெண் ஒருத்தி பாட்டுக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். ஒரு சமையலறை ஊர் ஊராகப் போகிறதே என்று இவளுக்குப் பொறாமை. பள்ளிக்கூடம் முடித்ததும் சமையல் படித்துவிட்டு நேராகத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாள். குட்டையான உடம்பு, அகன்ற முகம், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கும் குரல். 'சயான்' என்ற சரக்குக் கப்பலில் அவளைப் போட்டார்கள். அதற்குப்பிறகு அந்தக் கப்பலிலிருந்து யாரும் வேறு கப்பலுக்கு மாற்றல் கேட்டதில்லை.

புரோகோபியைச் சந்தித்ததும் ஆறு மூடும் வாரத்தில்தான். கப்பல் கரை ஒதுங்கிவிட்டதால் அவள் துறைமுகக் கேன்டீனில் நின்றாள். அவன் சரக்கேற்றிய லாரியோடு கரையில் காத்துக் கிடந்தான். தினமும் தட்டை நீட்டும்போது, "ஐஸ் எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்பானாம்.

"நான் என்ன ஆறா? போய் ஆத்தைக் கேளு."

"அது பதிலே சொல்ல மாட்டேங்குது. நீயாவது திட்டுற."

லாரி அக்கரை போவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எங்கள் பக்கம் பெண்டாட்டியைக் கிழவி என்றும் புருஷனைக் கிழவன் என்றும் செல்லமாகக் கூப்பிடுவோம். இவர்கள் இருபது சொச்சம் வயதிலேயே அப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் பிறந்தாள், குன்னெய். கோடையில் அப்பாவிடமும் குளிர்காலத்தில் அம்மாவிடமும் வளர்ந்தாள். அவள் பட்டணத்துக் கல்லூரிக்குப் போனபிறகுதான் வீட்டில் முணுமுணுப்பு தொடங்கியது. கோடை முழுவதும் காலி வீட்டில் மீன் வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க புரோகோபிக்குப் பிடிக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல சமையலுக்கு ஆள் தேடுறாங்க. சொல்லி வச்சிருக்கேன்" என்றான் அந்த வசந்தத்தில்.

"யாரைக் கேட்டுச் சொல்லி வச்ச?"

"என் பொண்டாட்டிய என் வீட்ல பாக்கணும்னு ஆசைப்படுறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கப்பல் ஏறினாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அந்தப் 'பாக்கலாம்' என்னவோபோல இருந்தது.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. ஆற்றின் மேல்பக்கத் துறைமுகத்திலிருந்து வரவேண்டிய சரக்கு மணல்திட்டுகளில் தட்டித் தட்டி, வர வேண்டிய காலத்துக்கு வெகு பின்னால் வந்து சேர்ந்தது. வடக்கே தோலோன் என்ற ஊருக்குப் போகவேண்டிய மாவு, உருளைக்கிழங்கு, வெங்காயம், நிலக்கரி. அதைக் கொண்டுபோகச் 'சயானை' அனுப்பினார்கள். கேப்டன் ஸ்பிரிதோன், "காத்து மாறிடுச்சு. போய்ச் சேருவோம், திரும்பி வரது சந்தேகம்" என்றார். தோலோன் மக்களுக்குக் குளிர்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. போகாமல் இருக்க முடியாது. போனார்கள்.

தோலோனுக்கு ஒரு நாள் ஓட்டம் பாக்கி இருக்கும்போது குளிர் திடீரென்று இறங்கியது. ஆறு முழுக்கக் கூழ். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் குழாயில் கூழ் போய் அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்தார்கள், அடைத்தது. மறுபடி சுத்தம் செய்தார்கள், மறுபடி அடைத்தது. எஞ்சின் மெக்கானிக் அஃபனாசி, வாழ்நாள் முழுக்கக் கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷர், என்னிடமே ரேடியோவில் சொன்னார்: "தங்கச்சி, இது தண்ணி இல்ல, கஞ்சி. கஞ்சியில கப்பல் ஓடாது." ஒரு தீவுக்குப் பக்கத்தில், வளைவில், நங்கூரம் போட்டார்கள். சில நாளில் சுற்றிலும் வெள்ளையாகிவிட்டது. முன்னால் போனால் தோலோன், பின்னால் வந்தால் நாங்கள். இரண்டுக்கும் நடுவில் கப்பல் நிலத்தில் நட்ட கம்பம்போல நின்றது.

ஆட்களைக் கூட்டிவர ஹெலிகாப்டர் ஏற்பாடானது. கப்பலையும் சரக்கையும் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் அங்கேயே தங்க வேண்டும். அஃபனாசி அண்ணன் தானாகவே, "எனக்கு வீட்ல யாரு இருக்கா? சுவர்தான் இருக்கு" என்று தங்கிவிட்டார். இன்னொரு ஆளாகச் சுக்கான் பிடிக்கும் இளைஞன் நிகாந்தரின் பெயரைக் கேப்டன் சொன்னார். அவன் முகம் செத்துப்போயிற்றாம். அவன் பெண்டாட்டிக்கு அந்த மாதம்தான் முதல் பிரசவம்.

"அவன் போகட்டும். நான் இருக்கேன்" என்றாள் மார்ஃபா.

"சமையல்காரிக்கு இங்க என்ன வேலை?" என்றார் கேப்டன்.

"அஃபனாசி அண்ணன் சமைச்சு அவரே சாப்பிட்டா வசந்தத்துல யாரு இருப்பா? ஒரு ஆளைக் காப்பாத்துறது வேலை இல்லையா?"

நிகாந்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். அவள் அவனைத் தள்ளி ஹெலிகாப்டரில் ஏற்றினாள்.

இந்தச் செய்தியைப் புரோகோபியிடம் சொல்லவேண்டியவள் நான். அவன் அன்று வீட்டை வெள்ளையடித்து முடித்து, குதிரைக் கறி வாங்கிவந்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதும் துணியைத் தரையில் எறிந்தான்.

"யாரு இருக்கச் சொன்னா அவளை?"

"யாரும் சொல்லல. அவளாத்தான்."

"அவளாத்தானா?" என்று கேட்டுவிட்டு, எறிந்த துணியை எடுத்து அடுப்பை மறுபடி துடைத்தான். பிறகு, "வருஷத்துல ரெண்டே ரெண்டு தடவைதான் நாங்க குடும்பம் நடத்துறோம், லுஷா. அதுல ஒண்ணை அவ நிகாந்தருக்குத் தானம் பண்ணிட்டா" என்றான்.

கப்பலில் முதல் வேலை, சரக்கு உறையாமல் பார்ப்பது. மாவுக்கு ஒன்றும் ஆகாது. நிலக்கரிக்கும் ஆகாது. உருளைக்கிழங்கு உறைந்தால் கறுத்து, கேவலமான ஒரு இனிப்பு ஏறிவிடும். பன்றிகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மார்ஃபாவும் அஃபனாசியும் மூட்டை மூட்டையாக அடிக்கிடங்கிலிருந்து தூக்கி அறைகளில் அடுக்கினார்கள். நடைவழியில் இரும்பு அடுப்பு ஒன்றை வைத்துக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டார்கள். கேப்டன் கட்டிலில் வெங்காயம். நிகாந்தர் கட்டிலில் உருளைக்கிழங்கு. மார்ஃபா தூங்க ஒரு பெஞ்சு மிஞ்சியது.

"நல்லா இருக்கியா?" என்று ரேடியோவில் கேட்டேன்.

"மார்க்கெட்டுக்குள்ள குடி வந்த மாதிரி இருக்கு. தும்மினா வெங்காயம் விழுது."

குதிரையைத் தாங்கும் அளவுக்குப் பனிக்கட்டி கெட்டிப்பட்டதும் தோலோனிலிருந்து ஆட்கள் சறுக்குவண்டிகளோடு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தது அந்த ஊர்க் கடைக்காரி எவ்தோக்கியா. ஊரில் மாவு தீர்ந்துபோய், வீட்டுக்கு வீடு கடன் வாங்கி, கடைசியில் கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. அவர்கள் சரக்கு குதிரை போய்வரும் தூரத்தில் நிற்கிறது. லாரி வர இன்னும் எத்தனையோ வாரம் ஆகும். மார்ஃபா ரேடியோவில் ஆபீசைக் கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். சரக்கு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை, வாங்குகிற கிடங்கிலிருந்து முறைப்படி ஆள் வந்து கையெழுத்துப் போடும்வரை ஒரு மூட்டைகூட இறங்கக்கூடாது என்று மேலே உட்கார்ந்திருந்தவர் சொன்னார். நான் அப்படியே சொன்னேன்.

"அந்த மாவு யாருக்கு?" என்றாள்.

"தோலோனுக்கு."

"தோலோன் என் எதிர்ல நிக்குது, லுஷா. மூக்குல ஐஸ் தொங்குது."

"எனக்குப் புரியுது. அவருக்குப் புரியலையே."

"என்ன சொல்ற? கேக்கல. பேட்டரி தீந்துபோச்சுபோல" என்றாள், கணீரென்ற குரலில். அத்தோடு ரேடியோ நின்றுவிட்டது.

எவ்தோக்கியா முன்னால் நிற்க, ஊர் ஆட்களே மூட்டைகளை இறக்கி ஏற்றினார்கள். எல்லாருக்கும் மார்ஃபா சூடாக மீன் சூப் ஊற்றினாள். குதிரைகள் கிளம்புவதற்கு முன் தோசை மாதிரி மெல்லிய அப்பம் ஒன்றைச் சுட்டு, வெண்ணெய் தடவி, ஆற்றின்மேல் வைத்தாள். எங்கள் வழக்கம் அது, ஆற்றுக்கும் பசிக்கும். "அவங்களைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேத்துடு. அடுத்த தடவை ரெண்டு அப்பம் வைக்கிறேன்" என்று ஆற்றிடம் பேரம் பேசினாளாம். இதற்காக ஆபீசிலிருந்து அவளுக்குக் கண்டன ஓலை போயிற்று. அது போய்ச் சேர்ந்தபோது தோலோனில் எல்லாரும் ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டிருந்தார்கள்.

மீதிச் சரக்கை இறக்க லாரிகள் போகவேண்டும். வழக்கமான பனிச்சாலை அவ்வளவு தூரம் அப்போது திறக்கவில்லை. முதல் கூட்டமாக நாலைந்து லாரிகள் புறப்படும் என்று தெரிந்ததும் புரோகோபி லாரி முதலாளியின் மேசைமேல் போய் உட்கார்ந்துகொண்டான், என் பெயரை எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று. முன்வண்டியே அவனுக்குக் கிடைத்தது. முன்வண்டிக்காரன் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டுதான் ஓட்டுவான், பனிக்கட்டி உடைந்தால் குதிக்க வசதியாக. அந்தக் குளிரில் அப்படி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கப்பல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் ஆறு ஏமாற்றியது. பனிக்கட்டிக்கு மேலே தண்ணீர் ஊறிப் பரவி, அதன்மேல் பனித்தூள் மூடிக்கிடந்தது. பார்த்தால் தரை மாதிரி இருக்கும். முன்சக்கரம் இறங்கியது. லாரி மூழ்கவில்லை, அடியில் கெட்டிப் பனிக்கட்டி இருந்தது. ஆனால் அச்சுவரை தண்ணீரில் நின்றது, நின்ற இடத்திலேயே உறையத் தொடங்கியது. புரோகோபி இறங்கிப் பின்னால் வந்தவர்களைக் கைகாட்டி நிறுத்தினான். அதற்குள் அவன் கம்பளிப் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

"வண்டிக்குள்ள வா, கால காய வைக்கலாம்!" என்று பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள்.

"அதோ என் வீடு தெரியுது. அங்க போய்க் காய வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். வீம்பு. நடக்க நடக்கப் பூட்ஸ் மரக்கட்டையாகிவிட்டது.

மேல்தளத்தில் சாம்பல் கொட்ட வந்த மார்ஃபா, முகமெல்லாம் வெள்ளையாக ஒரு உருவம் தடுமாறி வருவதைப் பார்த்தாள்.

"யாருய்யா அது?"

"உன் கிழவன்."

"என் கிழவன் இவ்வளவு முட்டாள் இல்லையே."

"அவன்தான்" என்றான், ஏணியைப் பிடித்தபடி. மேலே ஏற முடியவில்லை. அவளும் அஃபனாசியும் மூட்டையை இழுப்பதுபோல இழுத்தார்கள். பூட்ஸைக் கழற்ற வரவில்லை, கத்தியால் கிழித்தார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன. அவள் அந்தக் காலைத் தன் வயிற்றோடு, சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். திட்டவே இல்லை. "அவ திட்டாம இருந்ததுலதான் எனக்கு பயமே வந்துது" என்று புரோகோபி பிற்பாடு சொன்னான்.

தோலோனிலிருந்து கம்பவுண்டர் பனி ஸ்கூட்டரில் வந்தார். விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டு, காயம் ஆறும்வரை இந்தக் குளிரில் அசையக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். உறைபனி மூட்டத்தில் ஹெலிகாப்டரும் பறக்கவில்லை. மற்ற டிரைவர்கள் சிக்கிய லாரியை வெட்டியெடுத்து, சரக்கைத் தோலோனுக்கு அடித்து முடித்துவிட்டுத் திரும்பினார்கள். புரோகோபி கப்பலிலேயே கிடந்தான். காலியான கேப்டன் கட்டிலில், வெங்காயத்தோல் மேல்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த முதல் குளிர்காலம் அது. இனிமையாக இருந்தது என்று சொன்னால் பொய். அவன் குறட்டை விடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாரக்கணக்கில் விடுவான் என்று தெரியாது. அவள் தன்னந்தனியாகப் பேசிக்கொண்டே சமைப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. சூப்பில் உப்பு போதவில்லை என்று அவன் சொல்ல, "இத்தனை வருஷமா கப்பல்ல ஒருத்தனும் சொன்னதில்ல" என்று அவள் சொல்ல, "அவனுங்களுக்கு மறுநாளும் சாப்பாடு வேணும், அதான் சொல்லல" என்று அவன் சொல்ல, அன்று முழுக்க இருவரும் அஃபனாசி வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

"அண்ணா, கஞ்சி வேணுமான்னு அவனைக் கேளுங்க."

"வேணும்னு அவகிட்ட சொல்லுங்கண்ணா."

அஃபனாசி ரேடியோவில் என்னிடம் வந்து கெஞ்சினார். "தங்கச்சி, எப்படியாவது ஒரு ஹெலிகாப்டர் அனுப்பு. இவங்களுக்கு இல்ல, எனக்கு. நான் ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு இப்பத்தான் புரியுது."

ஒரு நாள் அஃபனாசி தூண்டிலைப் பார்க்கப் பனிக்கட்டிமேல் போயிருந்தார். புரோகோபி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டான்: "உண்மையைச் சொல்லு. நிகாந்தருக்காகத்தான் தங்குனியா?"

அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "பாதி அவனுக்காக."

"மீதி?"

"மீதி உனக்கு பயந்து."

அவன் திரும்பினான். "என்னைக்காவது உன்மேல கை வச்சிருக்கேனா?"

"அந்த பயம் இல்லடா. ஆறு மூடுற அந்தச் சில வாரம் நீயும் நல்லவனா இருக்க, நானும் நல்லவளா இருக்கேன். குதிரைக் கறி வாங்கிட்டு வர்ற. நான் தலைய சீவிக்கிட்டு இருக்கேன். பள்ளிக்கூட வேலைன்னு நீ சொன்னதும் எனக்குத் தூக்கமே போச்சு. வருஷம் பூரா ஒண்ணா இருந்தா நீ என்னைப் பாத்துச் சலிச்சுப் போயிடுவியோன்னு இருந்துச்சு. நம்மகிட்ட இருக்கிறது அந்தக் கொஞ்சம்தான். அதையும் கெடுத்துக்கணுமா?"

அடுப்பில் கரி சடசடத்தது.

"இப்பக் கெட்டுப் போச்சா?" என்றான் கடைசியில்.

"தெரியல. உப்பு போதலைன்னு நீ சொன்னப்போ கொன்னுடலாம்னு இருந்துது."

"உப்பு நிஜமாவே போதல, கிழவி."

அவள் ஒரு உருளைக்கிழங்கை அவன்மேல் எறிந்தாள். பிறகு இருவரும் சிரித்ததாக அவள் சொல்லவில்லை. "அவன் எழுந்து வந்து, நொண்டிக்கிட்டே, என் பக்கத்துல உக்காந்து உரிச்சான். தோலை இவ்வளவு தடிமனா உரிக்கிறான், பாதிக் கிழங்கு போச்சு. நான் ஒண்ணும் சொல்லல" என்றுதான் சொன்னாள்.

குளிர் கொஞ்சம் விட்டதும் கேப்டனும் மற்ற ஆட்களும் கப்பலுக்குத் திரும்பிப்போனார்கள். ஆறு உடையும்போது நடு ஆற்றில் நிற்கும் கப்பலைப் பனிக்கட்டிகள் நசுக்கிவிடும். அதனால் சுற்றிலும் ரம்பம் வைத்து அறுத்துத் தீவின் ஓரத்துக்கு நகர்த்தப் பார்த்தார்கள். நிகாந்தரும் போனான், பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு. பாதிதான் முடிந்தது. ஆறு அதற்குள் வெடித்தது. எல்லாரும் தீவின் மேட்டில் நின்று பார்த்தார்கள். வீட்டளவு பனிக்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, 'சயானை'ப் பின்னாலிருந்து தூக்கி, முறுக்கி, கரைமேல் கொண்டுபோய்ச் சாய்த்தன. இரும்பு கிழியும் சத்தம் மாடு கத்துவதுபோல இருந்ததாம். கேப்டன் ஸ்பிரிதோன் தொப்பியைக் கழற்றினார். மார்ஃபா, "என் பாத்திரம் எல்லாம் உள்ள இருக்கு" என்றாளாம். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை என்றாள்.

அடிப்பாகம் வளைந்துவிட்டது, இனி மிதக்காது என்று ஆபீஸ் கணக்கிலிருந்து எழுதித் தள்ளிவிட்டது. அவளுக்கு வேலை போயிற்று. புரோகோபியால் பழையபடி நீண்ட தூரம் ஓட்ட முடியவில்லை. கிளட்சை மிதிக்கும் கால். அந்தக் கோடை இருவரும் வீட்டில் இருந்தார்கள். கப்பல் சங்கு கேட்டால் அவள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு நிற்பாள். நான் பார்த்தும் பார்க்காதவள்போல இருப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில் பனிச்சாலையைத் தோலோன்வரை நீட்டினார்கள். அவ்வளவு தூரத்தில் டிரைவர்கள் கால் காய வைக்க ஓரிடம் இல்லை. "அங்கதான் அடுப்போட ஒரு கப்பல் நிக்குதே" என்று சொன்னது எவ்தோக்கியா. டிராக்டர்கள் வைத்துப் பனிக்கட்டிமேல் இழுத்து, வெள்ளம் எட்டாத மேட்டில் அதை நிமிர்த்தி வைத்தார்கள். பாத்திரங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. பனிச்சாலைக் கேன்டீன் அதுதான் இப்போது. மார்ஃபா சமைக்கிறாள். புரோகோபி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறான். தண்ணீரில் சிக்கும் வண்டிகளை இழுக்கப் போய்வருகிறான். ஈரப் பூட்ஸோடு நடக்க நினைக்கிற பையன்களை அவன் திட்டுகிற திட்டு ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்கும்.

ஒரு கோடையில் நிகாந்தர் அவர்கள் வீட்டுக்கு வந்தான். வேறொரு கப்பலில் துணைக் கேப்டனாகிவிட்டிருந்தான். "அக்கா, எங்க சமையல்காரிக்கு உடம்பு சரியில்ல. ஒரே ஒரு பயணம் வரீங்களா?"

"நான் விட்டாச்சுப்பா" என்றாள்.

புரோகோபி உள்ளேயிருந்து, "போயேன்" என்றான்.

"நீ?"

"எனக்கென்ன, சூப் வைக்கத் தெரியாதா?"

"தெரியாது."

"பட்டினி கிடந்து செத்துட மாட்டேன். போ. சங்கு ஊதினா நீ கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறதைப் பாக்க எனக்குச் சகிக்கல."

அவள் போனாள். சில நாள் கழித்து அவன் நொண்டிக்கொண்டே ரேடியோ அறைக்கு வந்தான். "அவகூடப் பேசணும்."

"ஆபீஸ் விஷயம் மட்டும்தான் பேசலாம், தெரியும்ல?"

"ஆபீஸ் விஷயம்தான். உப்பு டப்பாவை எங்க வச்சாள்னு கேளு."

கேட்டேன். ஆற்றில் இருந்த எல்லாக் கப்பலும் அதைக் கேட்டது. மார்ஃபா பதில் சொல்வதற்குள் யாரோ ஒரு கேப்டன், "அடுப்புக்கு மேல அலமாரியில இருக்கும் பாரு அண்ணே, எல்லார் வீட்லயும் அங்கதான்" என்றான். ஒரே சிரிப்பு.

அதிலிருந்து ஒவ்வொரு கோடையும் ஒரு பயணம் போகிறாள், ஒன்றே ஒன்று. திரும்பி வந்ததும் இருவரும் புல் அறுக்கப் போகிறார்கள். இந்த வருஷம் அவனையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறாள். அவனுக்கோ படகில் ஏறினாலே வாந்தி. "ஆறுன்னா எனக்கு உறைஞ்சிருக்கணும். ஆடுற ஆறு எனக்கு வேண்டாம்" என்கிறான். போகமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேற்று அவன் கடையில், கப்பல்காரர்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ் அளவு பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.